ஐசிலே ஒரு ஓட்டை

இராஜேந்திரன் அண்ணையை எனக்குக் கண்ணிலே காட்டக்கூடாது. அதை ஒளித்துவைத்துக்கொண்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலெல்லாம் அவரோடு ஒரே கடையில் வேலை. வேலை முடிந்தால் அவருடைய வீட்டு மாடியில்தான் என் அறை. ஒரு நாளில் இவ்வளவு நேரம் அந்த மூஞ்சையைப் பார்க்க வேண்டுமென்று என் தலையில் யார் எழுதினார்களோ தெரியவில்லை.

எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடை, பிரெஞ்சுத் தலைநகரில் ஃபொபூர் சேன்-தெனி வீதியின் மேல்முனையில், லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட. நான் கல்லாவில் இருப்பேன். அவர் பின்பக்கத்தில் மீன் வெட்டுகிறவர், இருபத்தாறு வருசமாக. கல்லாக உறைந்து வருகிற அறக்குளா மீனை வாள் மெசினில் கொடுத்து, ஒரே தடிப்பில் துண்டு துண்டாக அறுத்துத் தள்ளுவார். சும்மா சொல்லக்கூடாது, கை சுத்தம். வாய்தான் நாறும். வால்பக்கம் வேண்டாம் என்று கேட்ட ஒரு மனுசிக்கு, “அப்ப வாலில்லாத மீனாப் பாத்துக் கடலிலை நீயே பிடிச்சுக்கொண்டு வா” என்றார். அந்த மனுசி அதற்குப் பிறகு எங்கள் கடைப் பக்கமே வரவில்லை. அவரைப்போல் ஒழுங்காக வெட்ட வேறு ஆள் கிடையாது என்பதால் முதலாளி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இருப்பார்.

வீடு நகரத்துக்கு வெளியே, லெ பிளாங்-மெனிலில். கார் து நோர் நிலையத்தில் ரயிலேறினால் அதிக நேரமில்லை. கீழே அவர், மேலே நான். அவருடைய மனுசி நோயில் போய் ஒன்பது வருசமாகிறது. என் மனுசன் என்னை விட்டுவிட்டுப் போனது வேறு கதை, அதை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு வளவு. அந்த வளவின் நடுவில் ஒரு குளம் இருந்தது. குளம் என்றால் ஊரில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். இரட்டைக் கட்டில் அளவு, ஆழம் என் இடுப்பு மட்டும். அதற்குள் பதினொரு தங்கமீன்கள்.

அவருடைய மகள் சுஜானிக்குப் பத்து வயதாயிருந்தபோது ஏதோ களியாட்ட விழாவில் வளையம் எறிந்து இரண்டு மீன் வென்று, பிளாஸ்ரிக் பையில் கொண்டுவந்தாளாம். “கண்டறியாத மீன்” என்று திட்டினாராம். திட்டிக்கொண்டே இரண்டு கிழமை மண்வெட்டியால் கிண்டி, கறுப்புப் பிளாஸ்ரிக் படங்கு விரித்து, குளத்தையும் வெட்டிவிட்டாராம். அந்த இரண்டும் பெருகிப் பதினொன்றாகின. நாள் முழுக்கச் செத்த மீனை அறுக்கிற மனுசன், வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றாமல் குளத்தடியில் குந்தியிருந்து உயிர்மீனுக்குத் தீன் போடுவார். தீனோடு திட்டும் போடுவார்.

நாலு வருசத்துக்கு முன்னால் சுஜானி, அர்னோ என்ற பிரெஞ்சுக்காரனைக் கலியாணம் கட்டப் போகிறேன் என்று வந்து நின்றாள். நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். “கட்டு. ஆனா அதுக்குப் பிறகு இந்த வாசல்படி மிதியாதை” என்றார். மெரி என்கிற நகரசபையில் அவளுக்குக் கலியாண எழுத்து நடந்த சனிக்கிழமை, அவர் வழமைபோல் வேலைக்கு வந்து மீன் வெட்டினார். அன்றைக்கு மட்டும் மூன்று வாடிக்கையாளரோடு சண்டை.

சுஜானி சொல்லுக் கேட்கிற பிள்ளை. வாசல்படியை அவள் மிதிக்கவேயில்லை. ஆனால் மீன் அவளுடையது, அவள் இருக்கிற மூன்றாம் மாடியில் குளம் வைக்க இடமில்லை. அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு பதினொரு மணிக்கு வருவாள். வளவின் பக்கத்துக் கதவுக்கு ஒரு திறப்பு, சாவிதான், அவளிடம் இருந்தது. நேரே குளத்தடிக்குப் போவாள், குனிந்து பார்ப்பாள், விரலால் ஒன்று இரண்டு என்று எண்ணுவாள், போய்விடுவாள். வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டாள். அவர் அடுப்படி யன்னலில், குசினித் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஒரு சொல்லுப் பேசுவதில்லை. மீன் இல்லையென்றால் அவள் வரமாட்டாள். அது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், மாடியிலிருக்கிற எனக்கும் தெரியும்.

ஆகவே குளிர்காலம் வந்தால் அந்த மனுசனுக்கு விசர் பிடிக்கும், பைத்தியம்தான். குளத்துக்கு மேலே முழுக்க ஐஸ் மூடினால் கீழே கெட்ட காற்று தங்கி மீன் மூச்சடைத்துச் செத்துவிடும். எப்போதும் ஒரு ஓட்டை திறந்திருக்க வேண்டும். கடையிலிருந்து ஐந்து லீற்றர் எண்ணெய்க் கான் ஒன்றைக் கொண்டுவந்து, அரைவாசிக்கு மணல் போட்டு மிதக்கவிடுவார். காற்றுக்கு அது ஆடிக்கொண்டிருந்தால் அதைச் சுற்றி ஐஸ் பிடிக்காது. கடும் குளிரென்றால் அதுவும் போதாது. வேலைக்குப் போக முன்னம் ஒரு பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, சட்டியோடு ஐசின்மேல் வைப்பார். சட்டியின் சூட்டில் வட்டமாக இளகும். அந்தச் சட்டி கீழே இறங்கும்வரை பக்கத்தில் நின்று, குளிரைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் பேசுவார்.

போன சனவரியில், ஏழெட்டு நாள் வெயிலே இல்லாமல் உறைந்து கிடந்த அந்தக் கிழமை, திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடைக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வாள் மெசினடியில் வலது கையை ஏப்பிரனால் சுற்றிக்கொண்டு நிற்கிறார். இரண்டு விரலின் நரம்பு அறுந்துவிட்டது. அப்போதும் முதலாளியைப் பார்த்து, “உந்த மெசினை மாத்தச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான், காது என்ன அடைப்போ?” என்றுதான் கேட்டார். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து, வெள்ளிவரை இருக்கச் சொன்னார்கள்.

பின்னேரம் என் கைத்தொலைபேசி அடித்தது.

“யசோ, மீன்.”

“கை எப்பிடி அண்ணை?”

“கையை விடு. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. பெரிய சட்டியிலை தண்ணியைக் கொதிக்க வைச்சு, சட்டியோடை ஐசுக்கு மேலை வை. குளத்துக்குள்ளை ஒண்டும் ஊத்தாதை. இரும்பு அலவாங்காலை அடிச்சு உடைக்காதை, அந்த அதிர்ச்சியிலையே செத்துப்போம். விளங்குதோ?”

“தயவுசெய்து எண்டு ஒரு சொல்லு இருக்கு அண்ணை.”

“ஞாயிறு அவள் வருவாள்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் சொன்னபடியே செய்தேன். சட்டியை ஐசின்மேல் வைத்துவிட்டு இருபத்தைந்து நிமிசம் நின்றேன். கால்விரல் மரத்துப்போனது. ரயிலைத் தவறவிட்டேன். கடையில் முதலாளியிடம் ஏச்சு வாங்கிக் கட்டினேன். பின்னேரமும் அதே கூத்து. கண்டறியாத மீனுக்கு நான் ஏன் சாகவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு படி ஏறினேன்.

புதன் விடிய எனக்குச் சோறு வடிக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. பானை நிறையக் கொதிக்கிற கஞ்சி. எங்கள் ஆட்களுக்குக் கஞ்சியைச் சிங்குக்குள் ஊற்றக் கை வராது. ஊரில் என்றால் மாட்டுக்கு வைப்போம், ஆட்டுக்கு வைப்போம், உப்புப் போட்டு நாங்களும் குடிப்போம். இங்கே வந்து இருபது வருசமாக அதைத் தினமும் குழாய்க்குள் ஊற்றிக்கொண்டு, பாவம் பாவம் என்று நினைக்கிறவள் நான். ஐசும் உருகும், மீனுக்கும் வயிறு நிறையும். பானையைத் தூக்கிக்கொண்டு கீழே போய், கானைச் சுற்றி அப்படியே ஊற்றினேன். ஒரு நிமிசத்தில் ஓட்டை திறந்தது. ஒரு பிடி சோறும் போட்டேன். ஊத்தாதை என்று அவர் சொன்னதை, வெறும் தண்ணீரைத்தான் சொல்கிறார் என்று எனக்கு நானே விளங்கப்படுத்திக்கொண்டேன்.

புதன் காலை, பின்னேரம். வியாழன் காலை, பின்னேரம். வெள்ளி காலை. ரயிலும் தவறவில்லை. தண்ணீர் கொஞ்சம் பாலாக இருந்ததைக் கண்டேன், ஐசின் நிறம் என்று நினைத்தேன். இந்த மனுசன் இவ்வளவு காலமும் எவ்வளவு நேரத்தை வீணாக்கியிருக்கிறார் என்று எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு மூன்று மணியோடு வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்தபோது அவர் ஆஸ்பத்திரியால் வந்திருந்தார். வலது கை கட்டோடு நெஞ்சில் தொங்குகிறது. இடது கையில் மீன்வலை. குளத்தடியில் விளம்பரப் பேப்பரை விரித்து, அதன்மேல் பதினொரு மீனையும் வரிசையாக வைத்திருந்தார்.

“என்னத்தை ஊத்தினனீ?”

“கஞ்சி.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தயாராக நின்றேன். எருமை, மூதேவி, அறிவு கெட்டவள், இன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடு. எல்லாம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன், எனக்கும் திருப்பிச் சொல்ல நாலு சொல்லு இருந்தது. அவரோ பேப்பரை இடது கையால் மடிக்கப் பார்த்தார், மடிக்க வரவில்லை. நான் குனிந்து மடித்துக் கொடுத்தேன்.

“அண்ணை, புதுசு வாங்குவம். உதே நிறத்திலை, உதே அளவிலை வளப்பு மீன் கடையிலை கிடக்கு. நாளைக்கே போய் வாங்கிக்கொண்டு வாறன்.”

“அவளுக்கு ஒவ்வொண்டின்ரை செட்டையும் செதிலும் தெரியும்” என்றார்.

பிறகு எழும்பிப்போய் எண்ணெய்க் கானைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தார்.

“என்ன செய்யிறியள்?”

“மூடட்டும்.”

“மூடினா அவள் கேப்பாளே!”

“கேக்கட்டும். மூடினாத்தான் உள்ளுக்கை தெரியாது. அடுத்த மாசமும் ஒருக்கா வருவாள்.”

இத்தனை வருசம் ஒரு சாண் ஓட்டைக்காகக் குளிரோடு மல்லுக்கட்டிய மனுசன், கானைச் சுவரோடு சாத்திவிட்டு உள்ளே போனார். ஞாயிறு விடியும்போது குளம் முழுக்க மூடியிருந்தது.

பதினொரு மணிக்குப் பக்கத்துக் கதவு திறந்தது. நான் மாடி யன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்திருந்தேன். சுஜானி குளத்தடிக்கு வந்து நின்றாள். ஓட்டையைத் தேடினாள். சுற்றிவந்து தேடினாள். நாலு வருசத்தில் முதல்தடவையாகக் குசினித் திரைச்சீலையைப் பார்த்தாள். அவர் அங்கே நிற்பது அவளுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

“ஏன் மூடியிருக்கு?” என்று பிரெஞ்சில் கத்தினாள். அவள் பேசியதெல்லாம் பிரெஞ்சுதான், எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். “உயிரோடை புதைக்கிறீங்களா? வெளியிலை வாங்கோ!”

அவர் வெளியே வந்தார். கையில் கட்டைக் கண்டாள். கண்டும் கேட்கவில்லை.

“கை ஏலாது. சட்டி தூக்கேலாமப் போச்சு” என்றார் அவர், தமிழில்.

அவள் கைப்பையைத் திறந்து சுடுகுடுவையை எடுத்தாள். அதற்குள்ளிருந்த கோப்பியை ஐசின்மேல் ஒரே இடத்தில் ஊற்றினாள். கான் மிதந்த இடம் இன்னும் மெல்லிசு. அது இளகியது. குதிக்காலால் மிதித்து உடைத்தாள். அந்தத் தண்ணீரின் மணம் மாடிவரை எனக்கு வந்தது. புளித்த கஞ்சி மணம்.

முழங்காலூன்றி உள்ளே பார்த்தாள்.

“எங்கை?”

“செத்துப் போச்சுது. வெள்ளிக்கிழமை.”

“செத்ததை மறைக்கத்தான் மூடவிட்டனீங்களா? என்னை ஏமாத்தினனீங்களா?” எழும்பி நின்றாள். “எப்பிடிச் செத்தது? உங்களுக்கு எல்லாம் தெரியுமே. எப்பிடிச் செத்தது?”

அவர் நிமிர்ந்து என் யன்னலைப் பார்த்தார். நான் விலகவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு அவளைப் பார்த்தார்.

“நான்தான் கஞ்சி ஊத்தினனான். தண்ணி கொதிக்க வைக்கப் பஞ்சியிலை.”

“பஞ்சியிலை!” சோம்பலுக்கு நாங்கள் சொல்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் தமிழில் சொன்னாள். சொல்லிச் சிரித்தாள், பிறகு அழுதாள். பக்கத்துக் கதவுத் திறப்பைக் கோர்வையிலிருந்து கழற்றி ஐசின்மேல் எறிந்தாள். அது வழுக்கிப்போய் மற்றக் கரையில் நின்றது. “இனி நான் வரத் தேவையில்லை” என்றாள். கதவைச் சாத்திய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குலைத்தது.

நான் யன்னலை மூடினேன். நான்தான் ஊற்றினேன் என்று மேலேயிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

அடுத்த நாள் அந்த மனுசன் என்ன செய்தார் என்கிறீர்கள்? மருத்துவ விடுப்பில் வீட்டில் கிடக்க வேண்டியவர் காலை ரயிலில் என்னோடு ஏறிக் கடைக்கு வந்து, ஒரு பெட்டியின்மேல் ஏறியிருந்து, தன்னுடைய இடத்தில் வெட்ட வந்த ஆளை நாள் முழுக்கத் திட்டினார். “அது மீனோ விறகோ? உனக்கு ஆர் கத்தி தந்தது?” எனக்கும் கிடைத்தது, மிச்சக் காசு எண்ணத் தெரியாதவள் என்று. படியில் செருப்பைப் போட்டதற்கும் கிடைத்தது. ஆனால் கஞ்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. அதைச் சொல்லி என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். பாவி மனுசன் அந்த நிம்மதியைக்கூட எனக்குத் தரவில்லை.

வியாழக்கிழமை மத்தியான இடைவேளையில் மெத்ரோ ஏறினேன். சுஜானி வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடை இரண்டு நிறுத்தம் தள்ளி. உள்ளே போனதும், “அன்ரி, அவர் அனுப்பினவரோ?” என்றாள். முகம் கல்லாக இருந்தது.

“இல்லை. அந்த மனுசனுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்றுபோடுவார். பிள்ளை, கஞ்சி ஊத்தினது நான். அவர் ஆஸ்பத்திரியிலை. ஒண்டும் ஊத்தாதை எண்டு எனக்குச் சொன்னவர். நான் கேக்கேல்லை.”

அவள் கையிலிருந்த கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

“அப்ப ஏன் அண்டைக்கு வாய் திறக்கேல்லை?” தமிழில்தான் கேட்டாள், இடறி இடறி.

“பயம்.”

“அவருக்கோ?”

“உனக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “அன்ரி, அந்த மனுசன் தன்ரை பிழை எண்டு ஒண்டைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பால் பொங்கினாலும் அம்மாவின்ரை பிழை. மழை பெய்தாலும் என்ரை பிழை. இதை மட்டும் ஏன் தான் செய்தது எண்டு சொன்னவர்?”

“எனக்கென்ன தெரியும்? நீயே கேள்.”

“நான் ஏன் கேக்க வேணும்?” என்று எரிந்து விழுந்தாள். அந்தக் குரல் அப்படியே தகப்பனுடையது. கடைக்கு ஆள் வந்துவிட்டது. நான் வெளிக்கிடும்போது பின்னாலிருந்து, “கை?” என்றாள்.

“ரெண்டு விரல் இனி மடங்காதாம். மெசினிலை நிக்கேலாது.”

அவள் வந்த ஆளின் பக்கம் திரும்பினாள். நான் வந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு அல்ல. யாரும் வருகிற நாளே அல்ல. அவர் குசினியில் இடது கையால் வெங்காயம் வெட்டப் பழகிக்கொண்டிருந்தார், வெங்காயத்தைத் திட்டிக்கொண்டு. குளம் மூடியபடி கிடந்தது. அதை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை, குசினித் திரைச்சீலையையும் கழற்றித் தோய்க்கப் போட்டுவிட்டார். பதினொரு மணிபோல முன்வாசல் மணி அடித்தது. நான் பாதிப் படி இறங்கி நின்றேன்.

அவர் கதவைத் திறந்தார். வெளியே சுஜானி. வாசல்படிக்கு அந்தப் பக்கம் காலை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது, குளிரிலோ கோபத்திலோ தெரியவில்லை.

அவர் அவளுடைய காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். வாயிலிருந்து வந்தது இதுதான்.

“மீன் இல்லை. என்னத்துக்கு வந்தனீ?”

“உங்களோடை சண்டை பிடிக்க” என்றாள். “நாலு வருசத்துச் சண்டை கிடக்கு.”

“அப்ப உள்ளுக்கு வா!” என்று கத்தினார் இராஜேந்திரன் அண்ணை. “வாசலிலை நிண்டு கத்தினா உனக்குக் குளிரெல்லே பிடிக்கும், விசரி!”